மனந்திரும்பிய நாளின் ஆண்டு நிறைவு: ஒரு பாடலும் அதன் தமிழாக்கச் சிக்கல்களும்

பிறந்த நாளை ஒருவர் தம் நினைவிலிருந்து அறிவதில்லை. தாய் சொல்ல, ஏடு சொல்ல அறிகிறார். இறந்த நாளை அவர் அறியவே இயலாது. மனந்திரும்பிய நாள் இவ்விரண்டினின்றும் வேறுபட்டது. அந்நாளைக் கண்டவரும் குறித்தவரும் ஆண்டுதோறும் நினைப்பவரும் ஒருவரே. வெளிச்சான்று ஏதுமின்றிச் சொன்னவர் சொல்லையே சான்றாகக் கொண்டு நிற்கும் நாள் அது. ஆகவே அந்நாளைப் பேசும் பனுவல்களில் காலங்காட்டும் சொற்களும் தன்மையிடப் பெயர்களும் செய்வினை, செயப்பாட்டுவினை வடிவங்களும் தாங்கும் சுமை பிற சமயப் பனுவல்களில் அவை தாங்குவதைவிட மிகுதி. இச்சுமையை ஆங்கிலப் பாடல் ஒன்றின் வழி ஆராய்வதும், அப்பாடலைத் தமிழில் பெயர்க்கப் புகுவோர் எதிர்கொள்ள வேண்டிய தெரிவுகளைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கம்.

பாடல் சார்லஸ் வெஸ்லி (1707–1788) இயற்றியது. அவர் 1735-இல் இங்கிலாந்துத் திருச்சபையில் குருப்பட்டம் பெற்றவர். அமெரிக்காவின் ஜார்ஜியாக் குடியேற்றத்துக்குச் சென்று மனம் சோர்ந்து திரும்பியவர். 1738 மே 21, பெந்தெகொஸ்தே ஞாயிறன்று, இலண்டனில் லிட்டில் பிரிட்டன் என்னும் பகுதியில், ஜான் பிரே என்ற பித்தளைத் தொழிலாளியின் வீட்டில் நோயுற்றுக் கிடந்த நிலையில், கடவுளோடு சமாதானம் அடைந்ததாகத் தம் நாட்குறிப்பில் எழுதினார். மூன்று நாள் கழித்து, மே 24 மாலையில், ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த சிறு கூட்டமொன்றில் ரோமர் நிருபத்துக்கு லூதர் எழுதிய முன்னுரை வாசிக்கப்படக் கேட்டிருந்த அவர் தமையன் ஜான் வெஸ்லியும் அத்தகைய உறுதியைப் பெற்றார். மெதடிஸ்டு சபையார் இன்றும் நினைவுகூர்வது தமையனின் நாளையே. ஆயினும் அந்நாளுக்கெனப் பாடல் எழுதியவர் தம்பி. ஓராண்டு நிறைவையொட்டி எழுதப்பட்டதாகக் கருதப்படும் அப்பாடல் பதினெட்டுப் பாக்களைக் கொண்டது. 1740-இல் சகோதரர் இருவரும் வெளியிட்ட பாடல் தொகுப்பில் இடம்பெற்றது. ‘ஆயிரம் நாவுகள் வேண்டும்’ என்னும் கருத்தில் தொடங்கும் புகழ்பெற்ற பாடலாக உலகெங்கும் பாடப்படுவது இதுவே. ஆனால் அவ்வாறு அது தொடங்கவில்லை என்பதுதான் இக்கட்டுரையின் செய்தி.

தலைப்பே முதற்கண் நோக்கத்தக்கது. 1740-ஆம் ஆண்டுப் பதிப்பில் பாடல் பெற்ற தலைப்பு, ‘ஒருவர் தாம் மனந்திரும்பிய நாளின் ஆண்டு நிறைவுக்கு’ என்னும் பொருளது. ‘என்’ என்று கவிஞர் எழுதவில்லை; யாருக்கும் பொருந்தும் பொதுமைச் சுட்டுப்பெயரை எழுதினார். பாடலுக்குள் நுழைந்தாலோ தன்மையொருமை தவிர வேறில்லை எனும்படி ‘நான்’, ‘என்’, ‘என்னை’ நிறைந்துள்ளன. தலைப்புப் பொது, உள்ளீடு தனி. அதாவது அப்பாடல் ஒரு மனிதரின் வாழ்க்கைக் குறிப்பாகவும், அதேபோல் ஒரு நாளைக் கொண்ட எவரும் எடுத்து அணிந்துகொள்ளத்தக்க ஆடையாகவும் ஒருங்கே அமைந்துள்ளது. தமிழில் ‘ஒருவர்’ என்று எழுதினால் படர்க்கையாகிவிடுகிறது. ‘தாம்’ சேர்ந்தபின்தான் பொதுமை திரும்புகிறது. ‘அவரவர் மனந்திரும்பிய நாள்’ என்பது ஆங்கிலத்தை நெருங்கி வரும். எனினும் அதில் பலர் கூடி நிற்கும் சாயல் உண்டு. மூலத்தின் பொதுமைச் சொல்லில் அச்சாயல் இல்லை.

தலைப்பிலுள்ள பெயர்ச்சொல் இதைவிடப் பெரிய இடறல். இன்றைய செய்தித்தாள் தமிழில் அச்சொல்லுக்கு நேர் ‘மதமாற்றம்’. அதை இங்கே இட்டால் பாடல் முற்றும் பொய்யாகும். மனந்திரும்புமுன்பே மூன்றாண்டுகள் குருவாக இருந்தவர் வெஸ்லி. அவர் எம்மதத்திலிருந்தும் எம்மதத்துக்கும் மாறவில்லை. எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை 1858-இல் திருமுழுக்குப் பெற்றபோது மதமாற்றமும் மனந்திரும்புதலும் ஒருங்கே நிகழ்ந்தன எனலாம். வெஸ்லியிடம் இரண்டாவது மட்டுமே நிகழ்ந்தது. இவ்வேறுபாட்டைக் காட்ட இயலாத சொல் எத்துணைப் பரவலாக வழங்கினும் மொழிபெயர்ப்பாளர்க்குப் பயன்படாது.

‘ஆண்டு நிறைவு’ என்னும் தொடர் இக்கட்டுரைத் தலைப்பில் காரணத்தோடு இடப்பட்டது. ‘நினைவு நாள்’ என்றால் தமிழ் வழக்கில் அது இறந்தவர்க்குரியது. நாளிதழ்களில் அத்தலைப்பின்கீழ் வருவது மாலையிட்ட நிழற்படமே. ‘ஆண்டு விழா’ பள்ளிக்கும் சங்கத்துக்கும் உரியது. ‘ஆண்டு நிறைவு’ குழந்தைக்குரியது. பிறந்து ஓராண்டு ஆன குழந்தைக்குச் செய்யும் சடங்கின் பெயராகவே அது வழங்குகிறது. பாடலின் மூன்றாம் பாவில் வெஸ்லி அந்நாளைத் தம் இரண்டாம் வாழ்வின், மெய்யான வாழ்வின் தொடக்கம் என்கிறார். அவ்வகையில் ஓராண்டுக் குழவியின் நிலையில் நின்று பாடுகிறார். எனவே ஆங்கிலத் தலைப்புக்கு இல்லாத ஒரு பொருத்தம் தமிழ்ச் சொல்லுக்கு வாய்த்திருக்கிறது. மொழிபெயர்ப்பில் இழப்புகளையே எண்ணிக்கொண்டிருப்போர் இத்தகைய எதிர்பாராத வரவுகளையும் கணக்கில் கொள்ளுதல் நன்று.

எந்நாளை ஆண்டு நிறைவாகக் கொள்வது என்பதும் எளிய வினா அன்று. 1738-இல் மே 21 பெந்தெகொஸ்தே ஞாயிறாகவும் இருந்தது. அடுத்த ஆண்டில் பெந்தெகொஸ்தே ஜூன் 10-இல் வந்தது. தேதியை நினைப்பதா, திருநாளை நினைப்பதா? தேதி தனிமனிதருடையது, திருநாள் சபையுடையது. மேலும் அக்கால இங்கிலாந்து பழைய ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றியது. 1752-இல் புதிய நாட்காட்டிக்கு மாறியபோது பதினொரு நாள்கள் விடப்பட்டன. ஆகவே இன்று மெதடிஸ்டு சபையார் மே 24 அன்று நினைவுகூர்வது எண்ணால் அதே நாள்; ஞாயிற்றின் கணக்கில் ஜான் வெஸ்லியின் மாலை இன்றைய ஜூன் 4-இல் விழும். நினைவுகூர்வோர்க்கு இது பொருட்டன்று. அவர்கள் பற்றி நிற்பது வானியலை அன்று, எழுத்தில் நிற்கும் ஓர் எண்ணை.

இனிப் பாடலின் தொடக்கப் பாக்களுக்கு வரலாம். முதற்பா கடவுளுக்குப் புகழ் கூறும் வழக்கமான வாயில். இரண்டாம் பாவில் ‘இந்நாள்’ என்னும் சுட்டு வருகிறது: மகிழ்ச்சிக்குரிய இந்நாளில் நீதியின் சூரியன் இருண்ட ஆன்மாவின்மேல் உதித்தது என்பது அதன் கருத்து. மல்கியா தீர்க்கதரிசன நூலின் நான்காம் அதிகாரத்திலிருந்து வந்த உருவகம் இது. ‘இந்நாள்’ என்பது எந்நாள்? பாடுகின்ற இன்றா, சென்ற ஆண்டின் அதே தேதியா? ஆங்கிலத்தில் இரண்டும் ஒன்றாய் நிற்கின்றன. வினை இறந்தகாலத்தில் உள்ளது, சுட்டு நிகழ்வில் உள்ளது. மூன்றாம், நான்காம் பாக்களில் சுட்டு மாறுகிறது. ‘அப்போது’ எனப் பொருள்படும் சொல் மீண்டும் மீண்டும் வருகிறது: அப்போது துயரம் ஒழிந்தது, அப்போது வாழத் தொடங்கினேன், அப்போதுதான் முதன்முறையாக இதயத்தால் நம்பினேன் என்னும் போக்கில் செய்தி நகர்கிறது. அண்மைச் சுட்டிலிருந்து சேய்மைச் சுட்டுக்குப் போகும் இந்நகர்வே நினைவுகூர்தலின் இலக்கணம். ஆண்டு நிறைவு கொண்டாடுபவர் அந்நாளை இந்நாளாக்குகிறார். ஆக்கியபின் அது அந்நாளே என்றும் உணர்கிறார்.

இவ்விடத்தில் தமிழ் தன் சுட்டெழுத்துகளால் மூலத்தைவிட வளமுடையது. இன்று–அன்று, இந்நாள்–அந்நாள் என ஒரே எழுத்தின் மாற்றத்தில் ஓராண்டுத் தொலைவைக் காட்ட முடியும். ஆனால் ‘இன்று உதித்தது’ என்று மட்டும் எழுதினால் தமிழர் அதனை இன்று காலை நிகழ்ந்ததாகவே கொள்வர். ‘சென்ற ஆண்டு இதே நாளில்’ என்று தெளிவுபடுத்தினால் நினைவஞ்சலி விளம்பரத்தின் வாடை வீசும். ‘இந்நாளில்’ என்பதே தகும். அது போதிய அளவு எழுத்துவழக்கு ஆதலின் இருமைக்கு இடங்கொடுக்கும்.

ஐந்தாம் பா பாடலின் உள்ளம். கடவுளின் மைந்தன் தன்னை நேசித்தார், தனக்காக இறந்தார் என்று கூறுமிடத்தில் கவிஞர் தன்மைப் பெயரை அடுத்தடுத்து இரட்டிக்கிறார். இதற்கு ஒரு முன்வரலாறு உண்டு. மனந்திரும்புவதற்குச் சில நாள்கள் முன்னர், மே 17 அன்று, கலாத்தியர் நிருபத்துக்கு லூதர் எழுதிய விளக்கவுரையைச் சார்லஸ் வாசிக்கத் தொடங்கினார். அந்நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்து இருபதாம் வசனத்தில் பவுல் ‘என்னை’, ‘எனக்காக’ எனக் கூறும் தன்மைச் சொற்களை உணர்வதற்கே தாம் உழைத்ததாக நாட்குறிப்பில் எழுதியுள்ளார். அவ்வுழைப்பின் விளைவு இந்த இரட்டிப்பு. தமையனின் நாட்குறிப்பிலும், பாவங்கள் நீக்கப்பட்டன என்று கூறுமிடத்தில், ‘என்னுடையவையும்கூட’ என்னும் கருத்தில் அதே தன்மைச் சொல் அழுத்தம் பெறுகிறது. சகோதரர் இருவருக்கும் அந்நாள் நிகழ்ந்தது கோட்பாட்டில் அன்று, ஒரு பிரதிப்பெயரில். ஆங்கிலம் இரட்டித்துக் காட்டுவதைத் தமிழ் தேற்றேகாரத்தால் காட்டும்: ‘என்னையே’, ‘எனக்காகவே’. ஆனால் ஏகாரத்துக்குப் பிரிநிலைப் பொருளும் உண்டாகையால் ‘பிறர்க்காக அன்று’ என்னும் விபரீதக் கருத்துத் தோன்றக்கூடும். அங்கே இரட்டிப்பையே கொள்வது நலம்: ‘என்னை, ஆம், என்னை’ என்பதுபோல்.

ஏழாம் பாவில்தான் ஆயிரம் நாவு வருகிறது. இக்கருத்து வெஸ்லி புனைந்ததன்று. ஜெர்மன் மொழியில் யோஹான் மென்ட்சர் 1704-இல் எழுதிய பாடலும் இக்கருத்திலேயே தொடங்குவது. தமக்கு ஆயிரம் நாவுகள் இருப்பின் அத்தனையாலும் புகழலாம் என்று மொரேவியரான பீட்டர் போலர் சார்லசிடம் கூறியதாகவும் மரபு வழங்குகிறது. எங்ஙனமாயினும், ஆறு பாக்களில் தன் கதையைச் சொல்லி, ‘என்னை, என்னை’ என்று தழுதழுத்த ஒருவர், அடுத்த மூச்சில் ஒரு நாக்குப் போதாது என்கிறார். அதாவது ஆயிரம் நாவும் ஒரு வாய்க்கு வேண்டப்படுகின்றன. இது தனியொருவரின் இயலாமை பற்றிய கூற்று.

1780-இல் ஜான் வெஸ்லி மெதடிஸ்டு மக்களுக்கான பெருந்தொகுப்பை வெளியிட்டபோது இப்பாடலை முதற்பாடலாக வைத்தார். தொடக்கத்து ஆறு பாக்களை நீக்கி, ஏழாம் பாவிலிருந்து தொடங்கினார். தலைப்பும் போயிற்று. பதிப்பாசிரியர் என்ற முறையில் அவர் செய்தது சரி என்றே கூறவேண்டும். சபையார் நூற்றுக்கணக்கானோர் கூடிப் பாடும் நூலின் வாயிலில் ஒருவரின் ஆண்டு நிறைவைக் கொண்டு நிறுத்த இயலாது. ஆனால் நீக்கத்தின் விளைவு பொருண்மை சார்ந்தது. ஏழாம் பா முதற்பாவானவுடன் ஆயிரம் நாவு என்பது ஆயிரம் பேராக மாறிற்று. பாடுவோர் பலராயிருக்கையில், நாவுகள் வேண்டும் என்னும் ஏக்கம், இன்னும் பலர் வந்து சேர வேண்டும் என்னும் அழைப்பாகிறது. ஒரு வாயின் போதாமை ஒரு கூட்டத்தின் பெருமிதமாயிற்று. சொல் மாறவில்லை, மூலத்தின் எழுபத்திரண்டு அடிகளில் இருபத்துநான்கு மட்டும் எனலாம் என்று எண்ணத் தோன்றும் அளவுக்குச் சிறிய நீக்கம், ஆறு பா, இருபத்துநான்கு அடி. அவ்வளவில் ஒரு சிறந்த சபைப்பாடல் பிறந்தது, ஒரு சிறந்த கவிதை மறைந்தது. 1989-இல் வெளிவந்த அமெரிக்க ஐக்கிய மெதடிஸ்டு சபையின் பாடற்புத்தகம் நீக்கப்பட்ட தொடக்கத்தை மீண்டும் அச்சிட்டது. ஆனால் வேறோர் எண்ணின்கீழ், அடுத்த பாடலாக. அந்நாளும் அந்நாளின் புகழ்ச்சியும் இரு பாடல்களாகவே நின்றுவிட்டன. (பதினேழாம் பாவில் வரும் எத்தியோப்பியரின் தோல்நிறம் பற்றிய உருவகம் இன்று எந்தச் சபையிலும் பாடத்தகாதது, அதை விட்டது குறித்து யாரும் வருந்தத் தேவையில்லை.)

தமிழில் ஆயிரம் நாவு என்றவுடன் நினைவுக்கு வருபவன் ஆதிசேடன். ‘ஆயிரம் நாவுடைய ஆதிசேடனாலும் சொல்லி முடியாது’ என்பது பேச்சிலும் வழங்கும் தொடர். அது எதிர்மறையில் முடிவது. ஆயிரம் இருந்தும் போதாது என்பது. வெஸ்லியின் வாக்கியமோ வினையே இல்லாத விழைவு. ஆயிரம் இருந்தால் போதும் என்பது. தமிழ் மரபுத்தொடரின் இழுப்புக்கு இசைந்து ‘ஆயிரம் நாவு போதாது’ என்று பெயர்ப்பது எளிது, செவிக்கும் இனிது. ஆயினும் அது வேறு கூற்று. ‘ஆயிரம் நா எனக்கு இல்லையே’ என்பது விழைவையும் தனிமையையும் ஒருங்கே காக்கும். ‘எனக்கு’ என்ற நான்காம் வேற்றுமைச் சொல்லை விடாதிருப்பதே முதன்மையானது. விட்டால் ஜான் வெஸ்லியின் நீக்கத்தை மொழிபெயர்ப்பாளர் மீண்டும் ஒருமுறை செய்தவராவார்.

பாடலுக்கு வெளியே இருவகைப் பனுவல்கள் ஒப்பிடத்தக்கவை. பிளேஸ் பாஸ்கல் 1654 நவம்பர் 23 இரவில் தாம் பெற்ற அனுபவத்தை ஒரு தாளில் எழுதித் தம் சட்டையின் உட்புறத்தில் தைத்து வைத்திருந்தார். 1662-இல் அவர் இறந்தபின் பணியாள் அதைக் கண்டெடுத்தார். ஆண்டு, கிழமை, அன்றைய புனிதரின் திருநாள், மாலை ஏறத்தாழப் பத்தரை முதல் நள்ளிரவு கடந்து அரை மணி வரை என நேரம், அடுத்துத் தனியே ஒரு பெயர்ச்சொல், தீயைக் குறிப்பது. வினைமுற்று மிக அருகியே வருகிறது. அது யாருக்கும் வாசிக்கக் கொடுக்கப்படவில்லை. ஆண்டு நிறைவுக்கும் அன்று, ஒவ்வொரு நாளும் உடலில் படுவதற்கு. வினைமுற்று அருகியே வருவதால் அங்கே இறந்தகாலமும் அருகியே உள்ளது. நினைவு என்பதே வேண்டாத நினைவு அது.

ஜான் வெஸ்லியின் நாட்குறிப்புப் பகுதி இதற்கு எதிர்முனை. மே 24-க்குரிய பதிவில் அவர் தம் வாழ்வின் முன்வரலாறு முழுவதையும் எண்ணிட்ட பத்திகளில் வரைந்து, ஒன்பது மணிக்கு ஏறத்தாழக் கால் மணி முன்பு என்று கடிகார நேரத்தோடு நிகழ்ச்சியைச் சொல்கிறார். ஆனால் 1739 ஜனவரி 4 அன்று எழுதிய பதிவில் தாம் இப்போதும் கிறிஸ்தவர் அல்லர் என்கிறார். பிற்காலத்தில் தம் நூல்களின் 1774-ஆம் ஆண்டுப் பதிப்பில் பழைய பதிவுகளுக்குக் குறிப்புகள் சேர்த்து, முன்னரே தமக்கு ஊழியனின் நம்பிக்கை இருந்தது, மகனின் நம்பிக்கைதான் இல்லை என்று திருத்தினார். பிறர் அவருக்காக இந்நாளைக் கொண்டாடுகிறார்கள். அவரோ அதைத் திரும்பத் திரும்பத் திருத்தினார். தேதியிட்ட மனந்திரும்புதலை வற்புறுத்திய பியட்டிச மரபு ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கேயிடமிருந்து வருவது. அவரும் 1687-இல் லூனபுர்க்கில் நிகழ்ந்த தம் அனுபவத்தை விரிவாக எழுதியவர். பிராங்கேயின் ஹாலே நகரிலிருந்துதான் 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்குவின் பின்னணியும், பின்னர் விவிலியத்தைத் தமிழாக்கிய பப்ரீசியுசின் பின்னணியும் அமைந்தன. ஆகவே ‘நாள்’ பற்றிய இந்தக் கேள்வி தமிழுக்கு அயலானதன்று. தமிழ் விவிலியச் சொல்லாட்சியில் அது தொடக்கமுதலே உண்டு.

அச்சொல்லாட்சியில் மூன்று வினைகள் போட்டியிடுகின்றன. ‘மனந்திரும்பு’ தன்வினை, எழுவாய் தானே திரும்புகிறது. ‘குணப்படு’ என்பது அப்போஸ்தலர் நடபடிகளின் மூன்றாம் அதிகாரத்தில் மனந்திரும்புதலையடுத்து வரும் வினை. லூக்கா நற்செய்தியில் பேதுருவுக்குச் சொல்லப்படுவதும் அதுவே. இது ‘துன்பப்படு’, ‘அச்சப்படு’ போலப் பெயரோடு ‘படு’ சேர்ந்த அனுபவ வினை, செயப்பாட்டு வினையன்று. இன்று நோய் தீர்வதற்கே அச்சொல் உரித்தாகிவிட்டது. நோய்ப்படுக்கையில் கிடந்த சார்லசுக்கு அது இரு பொருளிலும் பொருந்தும் என்பது ஒரு விளையாட்டான உண்மை. மூன்றாவது ‘இரட்சிக்கப்படு’, செயவென் எச்சத்தோடு ‘படு’ சேர்ந்த முறையான செயப்பாட்டு வினை. செயப்பாட்டு வினை தமிழ்ப் பேச்சில் அருகிய வழக்கு என்பது இலக்கண ஆசிரியர் அனைவரும் கூறுவது. ஆனால் கிறிஸ்தவச் சாட்சிக் கூட்டங்களில் எழுத்தறியாதாரும் ‘இன்ன ஆண்டில் நான் இரட்சிக்கப்பட்டேன்’ என்று தடையின்றிச் சொல்வர். ஓர் எழுத்துவழக்கு வடிவம் ஒரு நாளைச் சொல்வதற்காகவே பேச்சுவழக்காயிற்று. சமூக மொழியியலார் இதனைத் தனியே ஆராய்தல் தகும்.

மூன்றும் மூவேறு நாள்களைத் தருகின்றன: நான் செய்த நாள், எனக்கு நேர்ந்த நாள், பிறரொருவர் என்மேல் செய்த நாள். வெஸ்லியின் பாடல் மூன்றாவதையே சார்ந்தது. ஆனால் யாப்பு இடங்கொடுப்பதில்லை. பாடலின் அடிகள் எட்டு அசையும் ஆறு அசையும் மாறி வருபவை; மேலைநாட்டு இசையில் பாடுவதற்கு ஒலியசைக் கணக்குத் தவறலாகாது. ‘இரட்சிக்கப்பட்டேன்’ என்பது தனியே ஆறு ஒலியசை. ஒரு சொல் ஓர் அடியை விழுங்கிவிடும். ‘மீட்கப்பட்டேன்’ நான்கு. ‘மீண்டேன்’ இரண்டு, ‘உய்ந்தேன்’ இரண்டு. ‘உய்’ சைவ, வைணவப் பக்தி இலக்கியத்தின் ஆணிவேரான வினை. ஆயின் அவ்விலக்கியத்தில் உய்வு பெரும்பாலும் தேதியைச் சார்ந்ததன்று, இடத்தைச் சார்ந்தது. மாணிக்கவாசகர்க்குத் திருப்பெருந்துறையும் குருந்தமரமும் உண்டு, நாளெண் இல்லை. இவ்வேறுபாட்டை அறிந்தபின்னும் ‘உய்ந்தேன்’ என்பதைத் துணிந்து கையாளும் மொழிபெயர்ப்பாளரைக் குறை சொல்ல இயலாது. அச்சொல்லோடு ‘அந்நாளில்’ என்று சேர்த்தால் புதியதொரு பொருள் பிறக்கும்.

காலக் கிளவியிலும் எச்சரிக்கை வேண்டும். கிரேக்க மூலத்தில் இரட்சிப்பின் வினை எல்லாக் காலத்திலும் வருகிறது. ரோமர் எட்டாம் அதிகாரத்தில் ஒருகால் நிகழ்ந்ததைச் சுட்டும் அயோரிஸ்டு வடிவம். எபேசியர் இரண்டாம் அதிகாரத்தில் நிகழ்ந்து நிலைத்ததைச் சுட்டும் நிறைவு வடிவம். முதலாம் கொரிந்தியரில் நிகழ்கால எச்சம். ரோமர் ஐந்தில் எதிர்காலம். புராட்டஸ்டன்டு சபைகளில் நெடுங்காலமாக வழங்கும் தமிழ் விவிலியத்தில் முதலிரண்டும் இடம் மாறியிருக்கக் காணலாம்: ரோமரில் ‘இரட்சிக்கப்பட்டிருக்கிறோம்’, எபேசியரில் ‘இரட்சிக்கப்பட்டீர்கள்’. நிகழ்ச்சிக்கு நிலைவடிவமும், நிலைக்கு நிகழ்ச்சிவடிவமும் வாய்த்தன. எபேசியர் வசனத்தைத் தம் நாளுக்கு ஆதாரமாகக் காட்டும் தமிழர், கிரேக்கம் சொல்லாத ஒரு ‘அன்று’ என்னும் கூர்மையை அதில் காண்பதற்கு இதுவும் ஒரு காரணம். கொரிந்தியர் இரண்டாம் நிருபத்தின் ‘இரட்சணியநாள்’ என்னும் தொகையோ காலத்தை வினையிலிருந்து விடுவித்துப் பெயருக்குள் வைத்துவிடுகிறது; எந்நாளும் அந்நாளாகலாம். கிருஷ்ணபிள்ளை 1894-இல் வெளிவந்த தம் காப்பியத்துக்கு ‘இரட்சணிய’ என்பதோடு ‘யாத்திரிகம்’ என்பதைச் சேர்த்தபோது நாளுக்கு மாற்றாகப் பயணத்தை வைத்தார்.

ஜான் வெஸ்லியின் நாட்குறிப்பில் வரும் புகழ்பெற்ற வினை, இதயம் வெதுவெதுப்படைந்ததாக உணர்ந்தது பற்றியது. அது குளிர்நாட்டுச் சொல். தமிழில் உள்ளம் மகிழ்ச்சியில் குளிரும். சூடானால் நெஞ்சு சுடும், அது குற்றவுணர்வு. எம்மாவூர்ச் சீடர்கள் பற்றிய இடத்தில் தமிழ் விவிலியம் இதயம் ‘கொழுந்துவிட்டு’ எரிவதாகக் கூறி வெப்பத்துக்கு ஒரு நற்பொருளைப் பழக்கியுள்ளது. எனினும் கொழுந்து வெதுவெதுப்பன்று. ‘உள்ளம் குளிர்ந்தது’ எனப் பெயர்ப்பது பொருளால் சரி. ஆனால் பாஸ்கலின் தீயோடு வெஸ்லியின் இதயத்தை ஒருங்குவைத்துப் படிக்கும் வாய்ப்பு அங்கே அற்றுப்போகும். ‘கதகதப்பு’ என்னும் எளிய சொல்லே இங்கு ஏற்புடையது. அது அடைகாக்கும் கோழியின் சொல், போர்வையின் சொல்; சமயத் தமிழில் அது பழகவில்லை என்பது குறையன்று.

பதினெட்டாம் பாவுக்குத் திரும்பலாம். அதில் கவிஞர் முன்னிலையாரை நோக்கி, ‘என்னோடு’ நீங்களும் மன்னிப்பை அறிவீர்கள் என்கிறார். தம்மை அவர்களுள் முதன்மையானவர் என்கிறார். முதலாம் தீமோத்தேயுவில் பவுல் தம்மைப் பாவிகளில் பிரதானமானவராகக் கூறும் இடத்தின் எதிரொலி இது. ‘தலைவன்’ என்று பெயர்த்தால் தற்புகழ்ச்சியாகும். மேற்கூறிய 1989-ஆம் ஆண்டுப் பாடற்புத்தகத்தில் இத்தன்மைச் சொல் நீக்கப்பட்டு, சபையின் தலையாகிய கிறிஸ்துவைக் குறிக்கும் சொல் அவ்விடத்தில் அமைந்தது. தொடக்கத்தில் ஆறு பாவோடு போன ‘நான்’, முடிவிலும் போயிற்று. தமிழில் பாடலின் இடைப்பகுதியில் வரும் தன்மைப் பன்மை இன்னொரு தெரிவைக் கோரும்: கடவுளை நோக்கினால் ‘எங்கள் அச்சம்’, மக்களை நோக்கினால் ‘நம் அச்சம்’. ஆங்கிலம் மறைத்து வைக்கும் இவ்வேறுபாட்டைத் தமிழ் மறைக்க விடாது. எட்டாம் பாவில் கடவுளிடம் பேசியவர் ஒன்பதாம் பாவில் மக்கள் பக்கம் திரும்புவதால் ‘நம்’ என்பதே கொள்ளத்தக்கது.

இறுதிப் பாவில் ‘அப்போது’ எனப் பொருள்படும் சொல் மீண்டும் ஒருமுறை வருகிறது. மூன்று, நான்காம் பாக்களில் சென்ற ஆண்டைச் சுட்டிய அதே சொல், இங்கே எதிர்காலத்தைச் சுட்டுகிறது: அப்போது நீங்கள் அறிவீர்கள். கவிஞரின் கடந்த நாளும் கேட்போரின் வரும் நாளும் ஒரே சொல்லால் கட்டப்பட்டுள்ளன. தொடக்கப் பாக்களை இழந்த சபைப்பாடலில் அச்சொல் வெறும் இணைப்பிடைச் சொல்லாய் நிற்கிறது. தமிழில் ‘அன்று’ பெரும்பாலும் சென்றதையே குறிக்கும். ‘அப்போது’ உரைநடை வாடை உடையது. ‘அந்நாள்’ என்பது இரண்டுக்கும் பொது. நினைவிலுள்ள அந்நாளும், விவிலியத் தமிழ் தீர்க்கதரிசன நூல்களில் பழக்கிய வரவிருக்கும் அந்நாளும் ஒன்றே சொல். மூன்றாம் பாவிலும் பதினெட்டாம் பாவிலும் அச்சொல்லை மாற்றாமல் வைக்கும் தமிழாக்கம், பதினெட்டுப் பாக்களையும் வைத்துக்கொண்டாக வேண்டும்.